பெருந்தொற்றுக் காலச் சீன இணையத்தில் மேற்கத்திய மக்களாட்சி

கோவிட்-19 பெருந்தொற்று நீடித்த 2020 முதல் 2022 வரையிலான மூன்று ஆண்டுகளில், மேற்கு நாடுகளின் மக்களாட்சி முறை சீன இணையத்தில் ஓயாத பேச்சுப் பொருளாக இருந்தது. 2020 மார்ச்சில் சீனாவில் 90.4 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தினர். வெய்போ, வீசாட், சீகூ, பிலிபிலி போன்ற தளங்களில் அவர்கள் அமெரிக்காவின் மரணக் கணக்கையும், பிரித்தானியாவின் தயக்கத்தையும், ஐரோப்பிய நகரங்களில் நடந்த முகக்கவச எதிர்ப்புப் போராட்டங்களையும் அன்றாடம் விவாதித்தனர். இவ்விவாதம் ஒரே நிலையில் நிற்கவில்லை. 2020 தொடக்கத்தில் சொந்த அரசின் மீதிருந்த கோபம், சில வாரங்களில் மேற்கின் மீதான ஏளனமாக மாறியது. 2022இல் ஷாங்காய் நகரம் முடக்கப்பட்டபோது அந்த ஏளனமே உள்நாட்டு அரசைக் குத்திக்காட்டும் கருவியாயிற்று. மேற்கைப் பற்றிய பேச்சு என்று தோன்றிய பலவும் சீன அரசைப் பற்றிய பேச்சாகவே இருந்தன என்பது இந்த மூன்று ஆண்டு வரலாற்றிலிருந்து தெரிகிறது.

பின்னணி

மக்களாட்சி என்ற கருத்து சீனாவில் நூறாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1919 ஜனவரியில் சென் துஷியு என்ற அறிஞர் தமது 'புதிய இளைஞர்' இதழில் அதற்கு ஒரு மனிதப் பெயரையே சூட்டினார். 'டெமாக்ரசி' என்ற சொல்லின் முதல் அசையைக் கொண்டு மக்களாட்சியைத் 'திரு. தெ' என்றும், 'சயன்ஸ்' என்ற சொல்லைக் கொண்டு அறிவியலைத் 'திரு. சாய்' என்றும் அழைத்தார். சீனாவைச் சூழ்ந்த இருளை நீக்க இவ்விருவரால் மட்டுமே முடியும் என்பது அவரது வாதம். அதே ஆண்டு மே 4ஆம் நாள் பெய்ஜிங் மாணவர்கள் நடத்திய போராட்டத்துடன் இக்கருத்து நாடெங்கும் பரவியது. சென் துஷியு 1921இல் சீனப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

அக்காலச் சீன அறிஞர்கள் பலர் மக்களாட்சியை நாட்டை வலுப்படுத்தும் மருந்தாகவே பார்த்தனர். மேற்கு நாடுகள் வலிமையாக இருக்கின்றன, அங்கு மக்களாட்சி இருக்கிறது, ஆகவே அது நமக்கும் வேண்டும் என்று அவர்களது எண்ணம் ஓடியது. ஒரு முறையை அது தரும் பயனைக் கொண்டு அளக்கும் இந்தப் பழக்கம், நூறாண்டுக்குப் பின் பெருந்தொற்றுக் கால விவாதத்திலும் தொடர்ந்தது.

1989இல் தியனன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மே 30ஆம் நாள் 'மக்களாட்சித் தேவதை' சிலையை நிறுவினர். ஜூன் 4ஆம் நாள் இராணுவம் சதுக்கத்தைக் கைப்பற்றியபோது அச்சிலை வீழ்த்தப்பட்டது. அதன்பின் பொது ஊடகங்களில் மேற்கத்திய மக்களாட்சியை ஆதரித்துப் பேசுவது அரிதாயிற்று. 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய நிதி நெருக்கடியும், 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்ததும், அதே ஆண்டில் டொனால்ட் டிரம்ப் அதிபராகத் தேர்வானதும் மேற்கின் மீதிருந்த மதிப்பை மேலும் குறைத்தன.

இணையமும் தணிக்கையும்

பேஸ்புக், டுவிட்டர், யூடியூப் ஆகியவை 2009 முதல் சீனாவில் தடுக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டில் சினா நிறுவனம் வெய்போ என்ற குறும்பதிவுத் தளத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வெய்போ ஓரளவு திறந்த களமாக இருந்தது. 2011 ஜூலையில் வென்சோ நகரருகே அதிவேக ரயில்கள் மோதி 40 பேர் இறந்தபோது, அரசின் விளக்கத்தை ஏற்காத பயனர்கள் அங்கே கேள்விகளைக் குவித்தனர். வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், பேராசிரியர்கள் பலருக்கு இலட்சக்கணக்கான வாசகர்கள் கிடைத்தனர்.

2013இல் நிலைமை மாறியது. அரசியலமைப்புவழி மக்களாட்சியை ஆபத்தான மேற்கத்தியக் கருத்துகளுள் ஒன்றாகப் பட்டியலிட்ட 'ஒன்பதாம் ஆவணம்' கட்சிக்குள் சுற்றுக்கு விடப்பட்டது. பொய்யான அவதூறுப் பதிவு 500 முறை பகிரப்பட்டாலோ 5,000 முறை பார்க்கப்பட்டாலோ சிறைத்தண்டனை விதிக்கலாம் என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. புகழ்பெற்ற பதிவர்கள் பலரது கணக்குகள் மூடப்பட்டன. 'பொது அறிவாளர்' என்பதன் சுருக்கமான 'கொங்சி' என்ற சொல், மேற்கைப் புகழ்ந்து சொந்த நாட்டை இகழ்பவர் என்ற வசைப் பொருளைப் பெற்றது. மறுபுறம், நாட்டுப்பற்றை உரக்கப் பேசும் இளைஞர்கள் 'சிறு இளஞ்சிவப்பர்' என்று அழைக்கப்பட்டனர். பெருந்தொற்று வந்தபோது இணையக் களம் இவ்வாறு ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

வூகான்: கோபம் உள்நோக்கித் திரும்பிய வாரங்கள்

பெருந்தொற்றின் முதல் வாரங்களில் சீன இணையத்தில் எழுந்த கோபம் மேற்கு நாடுகளை நோக்கியதன்று. 2019 டிசம்பர் 30ஆம் நாள் வூகான் மத்திய மருத்துவமனையின் கண் மருத்துவர் லீ வென்லியாங், புதிய தொற்றைப் பற்றி உடன் படித்த மருத்துவர்களுக்கு வீசாட் குழுவில் எச்சரிக்கை அனுப்பினார். ஜனவரி 3ஆம் நாள் காவல்துறை அவரை அழைத்து, உண்மைக்குப் புறம்பானதைப் பரப்பியதாகக் கண்டிக்கும் கடிதத்தில் கையொப்பம் பெற்றது. ஜனவரி 23ஆம் நாள், ஏறத்தாழ 1.1 கோடி மக்கள் வாழும் வூகான் நகரம் முழுமையாக முடக்கப்பட்டது. நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றுக்கு ஆளான லீ வென்லியாங் பிப்ரவரி 7ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 33.

அந்த இரவு வெய்போவில் துயரமும் சினமும் ஒருசேரப் பெருகின. 'எனக்குப் பேச்சுரிமை வேண்டும்' என்ற குறிச்சொல் பல்லாயிரம் பேரால் பகிரப்பட்டு, விடிவதற்குள் நீக்கப்பட்டது. மார்ச்சில் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஐ ஃபென், தாம் எச்சரித்தபோது மேலிடம் கடிந்துகொண்டதை ஓர் இதழ் நேர்காணலில் சொன்னார். அக்கட்டுரை நீக்கப்பட்டதும், பயனர்கள் அதை மோர்ஸ் குறியீட்டிலும், பண்டைய எலும்பு எழுத்திலும், உணர்ச்சிக் குறிகளிலும் எழுதித் தணிக்கையை ஏய்த்துப் பரப்பினர். வூகான் மக்கள் கட்சிக்கு நன்றியுடன் இருக்கக் கற்பிக்க வேண்டும் என்று அந்நகரக் கட்சிச் செயலாளர் சொன்னபோதும் கடும் எதிர்ப்பு எழுந்து, அச்செய்தியே பின்வாங்கப்பட்டது.

இவ்வாரங்களில் பேச்சுரிமை என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான கருத்தாகப் பேசப்படவில்லை. ஒரு மருத்துவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்ற கேள்வியாகவே அது எழுந்தது. மார்ச் 19ஆம் நாள் மத்திய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபின், வூகான் காவல்துறை கண்டனக் கடிதத்தைத் திரும்பப் பெற்று லீயின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. ஏப்ரலில் அரசு அவருக்குத் தியாகி என்ற சிறப்பை அளித்தது. அவரது கடைசி வெய்போ பதிவின் கீழ்ப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கருத்து எழுதினர். தேர்வு, வேலை, காதல் என்று தங்கள் அன்றாடக் கவலைகளை அவரிடம் சொல்லிச் செல்லும் இடமாக அது மாறியது.

'வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதக்கூடத் தெரியவில்லை'

2020 மார்ச்சில் காற்று திசை மாறியது. 11ஆம் நாள் உலக சுகாதார அமைப்பு இத்தொற்றைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 19ஆம் நாள், உள்நாட்டில் புதிய தொற்று ஏதுமில்லை என்று சீனா முதன்முறையாக அறிவித்தது. அதே நாளில் இத்தாலியின் மரணக் கணக்கு சீனாவின் அதிகாரப்பூர்வக் கணக்கைத் தாண்டியது. ஒரு வாரத்தில் தொற்று எண்ணிக்கையில் அமெரிக்காவும் சீனாவை முந்தியது.

அப்போது பரவிய உவமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. சீனா கேள்வித்தாளைப் பார்க்காமல் தேர்வு எழுதித் தேறியது, மேற்கு நாடுகளோ புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டும் தோற்றன என்று பயனர்கள் எழுதினர். சீனா செய்து முடித்த வீட்டுப்பாடம் மேசைமேல் கிடக்கிறது, அதைப் பார்த்து எழுதக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை என்ற கேலி எங்கும் ஒலித்தது. 'மந்தை எதிர்ப்பாற்றல்' பற்றிப் பிரித்தானிய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பேசியது சீன வாசகர்களுக்கு அதிர்ச்சி தந்தது. முதியோரைச் சாகவிடும் கொள்கை என்றே பலர் அதைப் புரிந்துகொண்டனர்.

அமெரிக்கா 'கலங்கரை விளக்க நாடு' என்று கிண்டலாக அழைக்கப்பட்டது. உலகுக்கு வழிகாட்டும் விளக்கு என்று ஒருகாலத்தில் அதைப் போற்றியவர்களைக் குத்தும் பெயர் அது. டிரம்ப்புக்குப் பயனர்கள் 'சுவான் ஜியன்குவோ' என்று பெயரிட்டனர். 'ஜியன்குவோ' என்றால் நாட்டைக் கட்டுபவர் என்று பொருள். அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் சீனாவைக் கட்டி எழுப்புகிறது என்பது அதிலுள்ள நகை. கிருமிநாசினியை உடலுக்குள் செலுத்த முடியுமா என்று அவர் ஏப்ரல் 23ஆம் நாள் கேட்டதும், ஏப்ரல் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கி ஏந்தியவர்கள் முடக்கத்தை எதிர்த்து நுழைந்ததும் இப்பெயரை இன்னும் பிரபலமாக்கின.

இந்த ஏளனத்தின் பின்னால் ஓர் உண்மையான வியப்பும் இருந்தது. அமெரிக்காவின் மருத்துவமும் ஆய்வுக்கூடங்களும் உலகில் முதலிடத்தில் உள்ளவை என்று சீன நடுத்தர வர்க்கம் நம்பியிருந்தது. மே 27ஆம் நாள் அங்கு மரணங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டியபோது அந்த நம்பிக்கை பலரிடம் உடைந்தது. உயிரைக் காப்பாற்றாத உரிமையால் என்ன பயன் என்ற கேள்வி அரசு ஊடகத்தில் மட்டுமன்றிச் சாதாரணப் பயனர்களின் பதிவுகளிலும் வந்தது.

ஃபாங் ஃபாங் நாட்குறிப்பும் 'கத்தி கொடுத்தல்' குற்றச்சாட்டும்

இம்மாற்றத்தை நெருங்கிப் பார்க்க உதவும் நிகழ்வு எழுத்தாளர் ஃபாங் ஃபாங்குக்கு நேர்ந்தது. வூகானில் வாழ்ந்த அவர், 2020 ஜனவரி 25 முதல் மார்ச் இறுதிவாரம் வரை 60 நாட்குறிப்புகளை இணையத்தில் எழுதினார். பிப்ரவரியில் இலட்சக்கணக்கானோர் இரவு விழித்திருந்து அவற்றை வாசித்தனர். காலந்தாழ்த்திய அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் எழுதியதைப் பெரும்பாலோர் பாராட்டினர்.

ஏப்ரலில் அந்நாட்குறிப்பின் ஆங்கில, ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் வெளிவர இருப்பது தெரிந்ததும் நிலை தலைகீழானது. எழுத்தில் ஒரு வரியும் மாறவில்லை, வாசிக்கப்போகிறவர் மட்டுமே மாறினார். மேற்கு நாடுகள் சீனாவைக் குத்துவதற்கு அவர் 'கத்தியைக் கையில் கொடுக்கிறார்' என்று ஆயிரக்கணக்கானோர் வசைபாடினர். அமெரிக்க அரசியல்வாதிகள் சிலர் சீனாவிடம் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. டிரம்ப் 'சீன வைரஸ்' என்று எழுதியதும் சீனர்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. மறுபுறம், மார்ச் 12ஆம் நாள் சீன வெளியுறவுத்துறைப் பேச்சாளர் ஜாவோ லிஜியான், அமெரிக்க இராணுவமே வூகானுக்குத் தொற்றைக் கொண்டுவந்திருக்கலாம் என்று டுவிட்டரில் எழுதியிருந்தார். இந்தச் சூழலில் உள்நாட்டுக் குறையைச் சொல்வதே எதிரிக்குத் துணைபோவதாகக் கருதப்பட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சீன மாணவர்கள்கூட, நாட்டைக் கட்டும்போது இல்லாதவர்கள் ஆயிரம் மைல் தாண்டி நஞ்சைக் கொண்டுவருகிறார்கள் என்ற வசைக்கு ஆளாயினர்.

அமெரிக்கத் தேர்தலும் நாடாளுமன்றத் தாக்குதலும்

2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலடியில் இறந்தார். அதைத் தொடர்ந்த போராட்டங்களைச் சீன ஊடகங்கள் 2019 ஹாங்காங் போராட்டங்களுடன் ஒப்பிட்டன. ஹாங்காங்கில் மக்கள் திரண்டதைக் 'கண்கொள்ளாக் காட்சி' என்று அமெரிக்க நாடாளுமன்ற அவைத்தலைவர் நான்சி பெலோசி பாராட்டியிருந்தார். அச்சொற்களைச் சீனப் பயனர்கள் மறக்கவில்லை. 2021 ஜனவரி 6ஆம் நாள் டிரம்ப் ஆதரவாளர்கள் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தபோது, பொதுவுடைமை இளைஞர் கழகத்தின் வெய்போ கணக்கு அதே சொற்களைப் போட்டுப் படங்களை வெளியிட்டது. அன்று அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

எனினும் 2020 நவம்பர் தேர்தலைச் சீனப் பயனர்கள் பின்தொடர்ந்த விதம் வெறும் கேலியாக முடிந்துவிடவில்லை. மாநிலவாரியாக வாக்கு எண்ணிக்கையை இரவு பகலாகக் கவனித்தனர். அமெரிக்கத் தேர்வாளர் குழு எவ்வாறு இயங்குகிறது என்று நீண்ட விளக்கங்கள் எழுதப்பட்டன. வேறொருவரின் தேர்தலுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று சிலர் கேட்டதற்கு, நமக்குப் பார்க்க வேறு தேர்தல் இல்லை என்ற மறைமுக நகைச்சுவைகளும் உலவின. பெருந்தொற்றைத் தவறாகக் கையாண்டதாகக் கருதப்பட்ட ஓர் அதிபர் வாக்குச்சீட்டால் பதவியிழந்தார் என்ற செய்தியும் அந்தக் கேலிக்கிடையே சீன வாசகர்களைச் சென்றடைந்தது.

அரசும் இப்பேச்சைத் தனதாக்கிக்கொண்டது. 2021 டிசம்பர் 9, 10ஆம் நாள்களில் அமெரிக்க அதிபர் ஜோ பைடன் மக்களாட்சி உச்சிமாநாட்டைக் கூட்டினார். அதற்குச் சில நாள்கள் முன்பு, டிசம்பர் 4ஆம் நாள், சீன அரசு தன் மக்களாட்சியே பயன் தரும் மக்களாட்சி என்று வாதிடும் வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. தேர்தல் நாளில் மட்டும் விழித்திருந்து பின்பு உறங்கிவிடும் மக்களாட்சியைவிடத் தங்கள் 'முழுச் செயல்முறை மக்களாட்சி' மேலானது என்பது அரசின் நிலைப்பாடு.

இந்தியாவைப் பற்றிய பதிவு

2021 மே 1ஆம் நாள், கட்சியின் மத்திய அரசியல் மற்றும் சட்ட விவகார ஆணையத்தைச் சார்ந்த வெய்போ கணக்கு இரு படங்களை அருகருகே வெளியிட்டது. ஒன்றில் சீன விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியைச் சுமந்த ஏவூர்தி தீப்பிழம்புடன் எழுந்தது. மற்றதில் இந்தியாவில் கோவிட் நோயால் இறந்தவர்களின் சிதைகள் எரிந்தன. சீனா மூட்டும் தீயையும் இந்தியா மூட்டும் தீயையும் ஒப்பிடும் வாசகம் மேலே இருந்தது.

இப்பதிவுக்குச் சீனப் பயனர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. சாவைக் கேலி செய்வது மனிதத்தன்மையன்று என்று பலர் எழுதினர். நாட்டுப்பற்றுக் குரலுக்குப் பெயர்போன 'குளோபல் டைம்ஸ்' ஆசிரியர் ஹூ ஷிஜின்கூட, இந்தியாவிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்றார். பேராசிரியர்கள் சிலர் பதிவை ஆதரித்துப் பேசி, அதனாலேயே விமர்சனத்துக்கு உள்ளாயினர். இறுதியில் பதிவு நீக்கப்பட்டது. ஒப்பீட்டுப் பேச்சு எங்கே நின்றுவிட வேண்டும் என்று பயனர்களே எல்லை வகுத்த நிகழ்வாக இது நினைவுகூரப்படுகிறது.

ஒப்பீட்டின் குறை

2020இல் நடந்த ஒப்பீடுகளில் மக்களாட்சி என்றால் பெரும்பாலும் அமெரிக்காவும் பிரித்தானியாவுமே. 2020 இறுதிவரை தைவானில் கோவிட் மரணங்கள் 7, நியூசிலாந்தில் 25. தென்கொரியா 2020 ஏப்ரல் 15ஆம் நாள் முகக்கவசத்துடன் வரிசையில் நின்று நாடாளுமன்றத் தேர்தலையே நடத்தி முடித்தது. இம்மூன்றும் தேர்தல்வழி ஆட்சிகள். இவை ஒப்பீட்டில் சேர்ந்திருந்தால், தொற்றை அடக்க ஒரு கட்சி ஆட்சி வேண்டும் என்ற முடிவு எளிதாகக் கிடைத்திருக்காது. அரசின் திறன், முந்தைய சார்ஸ் தொற்றின் அனுபவம், எல்லையை விரைந்து மூடியமை, அரசின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை ஆகியவை ஆட்சிமுறையைவிடக் கூடுதலாக விளைவைத் தீர்மானித்தன என்று வாதிட இடமுண்டு. சீன இணையத்தில் இவ்வாதத்தை முன்வைத்தவர்கள் இருந்தனர். ஆனால் அவர்களது குரல் உரத்து ஒலிக்கவில்லை.

'படுத்துக்கிடக்கும்' மேற்கு

2021இல் தடுப்பூசிகள் பரவலானபின் மேற்கு நாடுகள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தின. சீனாவோ ஒரு தொற்றும் இருக்கக் கூடாது என்ற கொள்கையைத் தொடர்ந்தது. வைரசுடன் வாழும் மேற்கின் வழியைச் சீன இணையம் 'படுத்துக்கிடத்தல்' என்று அழைத்தது. போராடாமல் தோல்வியை ஏற்பது என்பது அதன் பொருள்.

ஷாங்காயின் புகழ்பெற்ற தொற்றுநோய் மருத்துவர் ஜாங் வென்ஹொங், உலகம் இந்த வைரசுடன் வாழக் கற்க வேண்டியிருக்கும் என்று 2021 கோடையில் எழுதினார். முந்தைய ஆண்டு அவரைக் கொண்டாடிய அதே தளங்களில் அவர் மேற்கின் கொள்கைக்கு அடிபணிந்தவர் என்று தாக்கப்பட்டார். அவரது பழைய முனைவர் பட்ட ஆய்வேடு தோண்டப்பட்டுத் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. ஃபூதான் பல்கலைக்கழகம் விசாரித்து அக்குற்றச்சாட்டை மறுத்தது. மருத்துவக் கேள்வி ஒன்று நாட்டுப்பற்றுச் சோதனையாக மாறியதால், கொள்கையை எப்போது மாற்றுவது என்று வெளிப்படையாக ஆராயும் வழி அடைபட்டது. அதற்கான விலை அடுத்த ஆண்டு கொடுக்கப்பட்டது.

ஷாங்காய், 2022

ஒமிக்ரான் திரிபு பரவியதால் 2022 மார்ச் இறுதியில் ஷாங்காய் முடக்கப்பட்டது. சுமார் 2.5 கோடி மக்கள் வாழும், சீனாவின் செல்வம் மிகுந்த அந்நகரில் உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தொற்று உறுதியான குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். வேறு நோயுற்றவர்கள் மருத்துவமனை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜூன் 1 வரை முடக்கம் நீடித்தது.

ஏப்ரல் நடுவில் வெய்போவில் விந்தையான ஒன்று நடந்தது. மனித உரிமைப் பற்றாக்குறை மிகுந்த நாடு அமெரிக்காவே என்ற குறிச்சொல் முன்னணிக்கு வந்தது. வழக்கமாக அதன்கீழ் அமெரிக்காவைத் திட்டும் பதிவுகளே வந்திருக்கும். இம்முறை ஆயிரக்கணக்கான பயனர்கள் அமெரிக்கா என்ற பெயரை வைத்துக்கொண்டு சொந்த நாட்டின் குறைகளை அடுக்கினர். வாசித்த எல்லோருக்கும் எந்த நாடு பேசப்படுகிறது என்று புரிந்தது. அமெரிக்காவைத் திட்டும் பதிவுகளை இயந்திரத் தணிக்கை தடுப்பதில்லை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சில மணிநேரம் கழித்தே தணிக்கையாளர்கள் விழித்துக்கொண்டனர். அதே நாள்களில் சீன நாட்டுப்பண்ணின் முதல் அடியைப் பகிர்வதும் கட்டுப்படுத்தப்பட்டது.

ஏப்ரல் 22ஆம் நாள் 'ஏப்ரலின் குரல்கள்' என்ற ஒலித்தொகுப்புக் காணொளி பரவியது. மருந்து கேட்டு மன்றாடும் மகன், பசியால் கத்தும் குடியிருப்பாளர்கள், செய்வதறியாமல் அழும் உள்ளூர்ப் பணியாளர் ஆகியோரின் குரல்கள் அதில் இருந்தன. நீக்க நீக்க மக்கள் அதைத் தலைகீழாகத் திருப்பியும், வேறு படங்களுக்குள் ஒளித்தும் மீண்டும் பதிவேற்றினர். வூகானின் மருத்துவர் நேர்காணலுக்கு நடந்தது இரண்டாண்டுக்குப் பின் மறுபடி நடந்தது. நாட்டைவிட்டுப் போவதைக் குறிக்கும் 'ருன்' என்ற இணையச் சொல்லும் அப்போது பரவலாயிற்று. ஓடு என்னும் பொருளுள்ள 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லோடு எழுத்துக்கூட்டில் ஒத்துப்போகும் ஒரு சீன எழுத்தே அது.

ஏப்ரல் 28 முதல் வெய்போ ஒவ்வொரு பயனரின் இருப்பிடத்தையும் காட்டத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து பொய் பரப்புவோரைக் காட்டிக்கொடுப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நாட்டுப்பற்றை முழங்கிய கணக்குகள் சிலவும் மேற்கு நாடுகளிலிருந்து இயங்குவது அதனால் வெளிப்பட்டு நகைப்புக்கு இடமாயிற்று.

உலகக் கோப்பையும் வெள்ளைத் தாளும்

2022 நவம்பர் 20ஆம் நாள் கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கியது. முகக்கவசமின்றி நெருங்கி அமர்ந்து ஆர்ப்பரித்த கூட்டத்தைச் சீனப் பார்வையாளர்கள் வீட்டுக்குள் அடைபட்ட நிலையில் பார்த்தனர். சீனாவும் கத்தாரும் ஒரே கோளில்தான் இருக்கின்றனவா என்று கேட்ட ஒரு வீசாட் பதிவு வேகமாகப் பரவி நீக்கப்பட்டது. கத்தார் மக்களாட்சி நாடு இல்லை என்பதால், மேற்கின் முறை என்று இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

நவம்பர் 24ஆம் நாள் ஷின்ஜியாங்கின் உரும்கி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்து 10 பேர் இறந்தனர். முடக்கத் தடுப்புகளால்தான் அவர்கள் தப்ப முடியவில்லை என்று மக்கள் நம்பினர், அதிகாரிகள் அதை மறுத்தனர். அடுத்த சில நாள்களில் ஷாங்காய், பெய்ஜிங் உள்ளிட்ட பல நகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இளைஞர்கள் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளை ஏந்தி நின்றனர். ஒரு மாதத்துக்கு முன், அக்டோபர் 13ஆம் நாள், பெய்ஜிங்கின் சீதோங் பாலத்தில் தனி ஒருவர் தொங்கவிட்ட பதாகை தலைவருக்குப் பதிலாக வாக்குச்சீட்டைக் கோரியிருந்தது. அப்படம் இணையத்திலிருந்து அழிக்கப்பட்டும் அதன் சொற்கள் இப்போராட்டங்களில் எதிரொலித்தன.

பெய்ஜிங்கில் கூடியவர்களிடம், வெளிநாட்டுச் சக்திகள் உங்களைத் தூண்டிவிடுகின்றன, எச்சரிக்கையாக இருங்கள் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுச் சக்தி என்றால் மார்க்சும் எங்கல்சுமா என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது. வெளிநாட்டு இணையத்தையே பார்க்க முடியாத எங்களை எந்த வெளிநாட்டுச் சக்தி வந்து தூண்டும் என்றும் கேட்டனர். இரண்டாண்டுகளுக்கு முன் ஃபாங் ஃபாங்கை வீழ்த்திய குற்றச்சாட்டு அந்த இரவில் எடுபடவில்லை.

டிசம்பர் 7ஆம் நாள் அரசு கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் திடீரென விலக்கியது. மருந்தும் படுக்கையும் போதாமல் முதியோர் பலர் இறந்தனர். டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை மருத்துவமனைகளில் 59,938 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. உண்மை எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2023 பிப்ரவரி 16ஆம் நாள் கட்சித் தலைமை, மனித வரலாற்றில் ஓர் அற்புதத்தைச் சீனா நிகழ்த்தியதாக அறிவித்தது.

மதிப்பீடு

இக்கருத்துகளை வாசிக்கும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, கண்ணில் படுவது தணிக்கைக்குப் பின் எஞ்சியது மட்டுமே. கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சீன அரசு ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி சமூக ஊடகப் பதிவுகளைத் தன் ஆட்களைக்கொண்டு எழுதுவிப்பதாக மதிப்பிட்டது. அவை எதிராளியுடன் வாதிடுவதைவிடப் பேச்சைத் திசைதிருப்பவே எழுதப்படுகின்றன என்பது அவர்களது முடிவு. இரண்டாவது, எல்லாவற்றையும் கூலிக்கு எழுதியது என்று ஒதுக்குவதும் தவறு. அமெரிக்காவில் 2022 மே மாதத்துக்குள் பத்து இலட்சம் பேர் இறந்தது உண்மை. அதைக் கண்டு 'நம் அரசு நம்மைக் காத்தது' என்று 2020இல் எழுதிய பலர் அதை மனதார எழுதினர்.

அவ்வாறு எழுதியவர்கள் மக்களாட்சியை அளந்த அளவுகோல் விளைவு. 1919இல் மேற்கு வலிமையாகத் தெரிந்ததால் 'திரு. தெ' வரவேற்கப்பட்டார். 2020இல் மேற்கு தடுமாறியதால் அவர் நகைப்புக்கு ஆளானார். இந்த அளவுகோலின்படி, விளைவு மாறினால் தீர்ப்பும் மாறும், 2022இல் மாறவும் செய்தது. ஆனால் ஷாங்காயின் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் முளைத்தது. எந்த முறை தவறு செய்யாது என்று கேட்டவர்கள், தவறு நேரும்போது அதை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினர். அமெரிக்கர்கள் பெருந்தொற்றின் நடுவே வாக்களித்து ஆட்சியை மாற்றினர். சீனாவில் மூன்றாண்டுக் கொள்கை வீதியில் வெற்றுத் தாள் ஏந்தியபின் சில நாள்களில் கைவிடப்பட்டது. யார் முடிவெடுத்தார், முன்பே ஏன் எடுக்கவில்லை என்பதற்கு யாரும் பொதுவில் பதில் சொல்லவில்லை. வெள்ளைத் தாள் ஏந்தியவர்களில் சிலர் பின்னர் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களைப் பற்றிய பதிவுகளும் சீன இணையத்திலிருந்து நீக்கப்பட்டன.